டீமேக்கர் வண்டியின் கதவுப் பெட்டிகள்

டீமேக்கர் ஐயா, ஸ்டோரிலிருந்து தேயிலையைத் திருடியது நீங்கள்தான். என் அண்ணன் இல்லை. நான் இல்லை. நீங்கள்.

யாரோ சொல்லக் கேட்டு நான் இதை எழுதவில்லை. என் கையால் செய்த பெட்டிக்குள் என் கையை விட்டு அந்தத் தேயிலையை வெளியே எடுத்தேன். அன்றைக்கு அடைத்துப்போன வாய் இப்போதுதான் திறக்கிறது. எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தலவாக்கலை டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ரேடியோ திருத்துவேன், வண்டிகளுக்கு ஸ்பீக்கர் பெட்டி அடிப்பேன். எழுபதுகளில் ஒரு வால்வு கருகினால் இன்னொன்று கிடைக்காது. செத்த ரேடியோவைப் பிரித்து உயிரோடு இருக்கிற ரேடியோவுக்குப் போடுவோம். பிறகு வெளிநாட்டுச் சாமான்களைத் திறந்துவிட்டார்கள். பழைய ஜப்பான் வேன்கள் மலைக்கு ஏறின, கூடவே கேசட் பிளேயரும் வந்தது. வேன் வாங்கியவன் முதலில் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழத்தில் ஏற்றுவான். அடுத்து என் கடைக்கு வருவான்.

எங்கள் ஆட்கள் கேட்டது ஒரு தனி மாதிரி. கொழும்புக்காரன் வண்டிக்குள் இருந்து தான் கேட்பதற்குப் பாட்டுப் போடுவான். எங்கள் ஆட்களுக்கு அது போதாது. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தி இரண்டு முன்கதவையும் திறந்துபோட்டால், கடைசிக் காம்பராவில் ரொட்டி சுடுகிறவளுக்கும் பாட்டுக் கேட்க வேண்டும். ஆகவே ஸ்பீக்கர் கதவில்தான் இருக்க வேண்டும். கதவைத் திறந்தால் அதன் உட்பக்கம் வண்டியின் வாலைப் பார்த்து நிற்கும். அதனால் எல்லோரும் வண்டியின் பின்பக்கத்தை லயத்துக்குக் காட்டி நிறுத்துவார்கள். ஏதோ கோபித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும்.

கதவில் பெட்டி அடிப்பது லேசான வேலை இல்லை. உட்பக்க அட்டையைக் கழற்றினால் கண்ணாடி இறங்கும் வழி, பூட்டுக் கம்பி, அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை எல்லாம் இருக்கும். எங்கள் மழைக்குக் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருக்கும். ஹட்டனில் ஒருவன் அந்த ஓட்டையை அடைத்துப் பெட்டி அடித்தான். பிரேக் பிடித்தால் கதவுக்குள் தண்ணீர் அலையடித்தது. நான் அப்படிச் செய்வதில்லை. பெட்டியை முழுதாக அட்டைக்கு இந்தப் பக்கம் நிறுத்துவேன். மேலே ஒடுங்கி, கீழே முழங்காலுக்குப் பக்கத்தில் வயிறு தள்ளியிருக்கும். மேலே கறுப்பு ரெக்சின் ஒட்டிவிட்டால் கதவோடு பிறந்த மாதிரி இருக்கும்.

பலகை, தேயிலைப் பெட்டிப் பலகை. கப்பலுக்குப் போகிற பெட்டிகளில் உடைந்ததும் கழித்ததும் எங்கள் பக்கத்தில் கோழிக்கூடு ஆகும், அலமாரி ஆகும், பிள்ளைக்குத் தொட்டில் கூட ஆகும். அந்தப் பலகையின் உட்பக்கத்தில் தேயிலைக்கு ஈரம் ஏறாமலிருக்க ஈயத்தாள் ஒட்டியிருப்பார்கள். மற்ற ஆட்கள் அதை உரித்துப் போடுவார்கள். நான் உரிக்க மாட்டேன். ஈயத்தாள் உள்ளே பார்க்கிற மாதிரியே பெட்டியை மூட்டுவேன். இந்த மூடுபனியில் ஸ்பீக்கரின் காகிதம் நமத்துப் போகாமல் அது காக்கும். அதிலே எனக்கு ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைத்தான் நீங்கள் உபயோகப்படுத்திக்கொண்டீர்கள்.

உங்களை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். எங்கள் லயத்து ஆட்களிலிருந்து படித்து மேலே போய், தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கிற டீமேக்கர் ஆனவர் நீங்கள். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோரில் தோட்டத்து மேனேஜர் தொரைக்கு அடுத்த ஆள் நம்ம ஆள் என்று கிழடு கட்டைகள் கூட நெஞ்சை நிமிர்த்திப் பேசினார்கள். நானும்தான். நீங்கள் வேனோடு என் கடைக்கு வந்த அன்று பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன், எங்க ஐயா வந்திருக்காரு பாருங்க என்று.

கழித்த தேயிலைப் பெட்டிகளை நீங்களே வேனில் ஏற்றி வந்திருந்தீர்கள். "நல்ல பலகடா தம்பி, பாத்து எடுத்துட்டு வந்தேன். பெட்டி பெருசா வேணும்" என்றீர்கள்.

"இன்னும் பெருசுன்னா முழங்கால் இடிக்கும் ஐயா."

"இடிக்கட்டும்டா. முழங்காலா பாட்டுக் கேக்குது?"

நான் சிரித்தேன். பிறகு இரண்டு விஷயம் சொன்னீர்கள். ஸ்பீக்கர் மாட்டிய முன்பலகையை ஆணியடித்து ஒட்டக் கூடாது. கையால் திருகிக் கழற்றுகிற மாதிரி நான்கு மூலையிலும் நட்டுப் போட வேண்டும், மழைக்காலத்தில் ஸ்பீக்கரைக் கழற்றி அடுப்பங்கரையில் காயவைக்க. இரண்டாவது, உள்ளே இலவம் பஞ்சு வைக்கக் கூடாது. நான் எல்லாப் பெட்டிக்குள்ளும் கொஞ்சம் பஞ்சு திணிப்பேன். அப்போதுதான் பலகை அதிராது, சத்தம் தடித்து இறங்கும். பஞ்சு இல்லாவிட்டால் தகரப் பீப்பாயில் தட்டின மாதிரி இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். பஞ்சு ஈரம் பிடிக்கும், எலி கூடு கட்டும் என்றீர்கள். டீமேக்கருக்கு ஈரத்தைப் பற்றித் தெரியாதா என்று நினைத்து, நீங்கள் சொன்ன மாதிரியே செய்துகொடுத்தேன்.

என் கடை தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்கும் ரோட்டில் இருந்தது. நீங்கள் காலையில் இறங்குவீர்கள், பின்னேரம் ஏறுவீர்கள். இரண்டு நேரமும் ஒரே கேசட்தான் ஓடும். சிங்களப் பஞ்சர் கடைக்காரர், "பாஸ், ஒங்க கதவு போகுது" என்பார். நானும் நிமிர்ந்து பார்ப்பேன்.

அதில் ஒன்று எனக்குப் பிடிபடவே இல்லை. ஏறும்போது நான் சொன்ன மாதிரியே தகரப் பீப்பாய்ச் சத்தம். பலகை கடகடவென்று ஆடுவது ரோட்டில் நிற்கிற எனக்கே கேட்கும். இறங்கும்போது மட்டும் ஆட்டம் இல்லை. சத்தம் தடித்து அடங்கி, பஞ்சு வைத்ததைவிட நன்றாக இறங்கும். காலைக் குளிரில் பலகை இறுகியிருக்கும் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்தேன். பஞ்சர் கடைக்காரர் வேறு காரணம் சொன்னார்: "காலையில ஒங்க கதவுக்கும் பசி பாஸ், சத்தம் வராது. பின்னேரம் சாப்பிட்டுட்டுக் கத்துது." தலைகீழாகச் சொல்லியிருக்கிறார். காலையில்தான் அதன் வயிறு நிறைந்திருந்தது.

என் அண்ணன் அப்போது ஸ்டோர் கேட்டில் வாச்சர். வேலை முடிந்து வெளியே போகிற எல்லோரையும் சோதித்து அனுப்புவது அவர் பொறுப்பு. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்ல வேண்டும், கூடையைக் கவிழ்க்கச் சொல்ல வேண்டும், மடியை உதறச் சொல்ல வேண்டும். சித்தி, அக்கா, மதினி என்று கூப்பிடுகிற பொம்பளைகளிடம் அதைச் சொல்வது அவருக்குச் செத்த மாதிரி. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு "ஒதறிட்டுப் போங்க" என்பார். "என்ன தம்பி, மலையப் பாத்துச் சொல்றீங்க, மலையா ஒதறணும்?" என்று கேலி செய்வார்களாம். உங்கள் வேன் வந்தாலும் சட்டப்படி சீட்டைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு கும்பிட்டுக் கேட்டைத் திறப்பார். கதவு உள்பக்கமாகப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும். பாடுகிற பெட்டியைத் திறந்து பார்க்க யாருக்குத் தோன்றும்?

ஸ்டோரில் நல்ல தேயிலை குறைகிறது என்று தொரையிடம் போய்ச் சொன்னது யார்? நீங்கள். முதலில் சொன்னதே நீங்கள்தான். வாச்சரை வேலைக்கு வர வேண்டாமென்று நிறுத்தினார்கள், விசாரணை வரும் என்றார்கள். தோட்டத்துப் பதிவில் பேரை வெட்டினால் காம்பராவையும் விட வேண்டும். அண்ணன், அண்ணி, இரண்டு பொம்பளைப் பிள்ளைகள், எல்லோருக்கும் அந்த ஒற்றை அறைக் காம்பராதான். எங்கள் அப்பாவும் அம்மாவும் செத்ததும் அதிலேதான்.

கேள்விப்பட்டு நான் போனபோது அண்ணன் வாசல் கல்லில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் இருந்தார். அண்ணிதான் பேசினார். "பீலிக்குத் தண்ணிக்குப் போனா சிரிக்கிறாளுங்க தம்பி. எங்க மடிய ஒதறச் சொன்னவரு அவரு மடிய ஒதறலையான்னு கேக்குறாளுங்க."

"அண்ணே, டீமேக்கர் ஐயாகிட்டப் போய்ச் சொன்னா என்ன? நம்ம ஆளுதானே."

"சொல்லிட்டேன். ஐயா பாத்துக்கிறேன்னாரு. நல்ல மனுசன்" என்றார் அண்ணன்.

நல்ல மனுசன். இந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

விசாரணைக்கு முன்னால் ஒரு நாள் காலையில் இறங்கி வந்த உங்கள் வேன், பஞ்சர் கடை வாசலில் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. டயரில் ஆணி. பஞ்சர் போடும் நேரத்தில் முடிவெட்டிக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் குடையோடு சலூனுக்குப் போனீர்கள். சாவியைப் பஞ்சர் கடைக்காரரிடம் கொடுத்திருந்தீர்கள், கேசட் ஓடிக்கொண்டே இருந்தது. இடப்பக்கக் கதவு திறந்து என் கடையைப் பார்த்து நின்றது. அதிலிருந்து பாட்டோடு சேர்ந்து கரகரவென்று ஒரு உரசல். ஸ்பீக்கரின் பின்னால் ஏதோ தொடுகிறது. என் வேலையில் கரகரப்பு வந்தால் எனக்குப் பொறுக்காது. ஐயா வருவதற்குள் சரி பண்ணி வைப்போம் என்று போனேன். நட்டுகள் கையோடு கழன்றன. அடிக்கடி கழற்றிக் கழற்றி எண்ணெய் போட்ட மாதிரி பழகியிருந்தன.

முன்பலகையை இழுத்தேன். உள்ளே வெள்ளைத் துணிப்பை. அதற்குக் கீழே இன்னொன்று. பெட்டியின் வயிறு முட்ட அடுக்கியிருந்தது. மேல் பையின் முடிச்சு ஸ்பீக்கரின் முதுகில் உரசிக்கொண்டிருந்தது. முடிச்சை அவிழ்த்ததும் வாசனை முகத்தில் அடித்தது. லயத்தில் நாங்கள் குடிக்கிற தூள் இல்லை இது. கப்பலேறுகிற முதல் தரம். ஈயத்தாள் பளபளவென்று இருந்தது, ஒரு பொட்டு ஈரமில்லை. நான் செய்தது ஸ்பீக்கர் பெட்டி இல்லை. தேயிலைப் பெட்டியைப் பிரித்து மறுபடியும் ஒரு தேயிலைப் பெட்டிதான் செய்து, உங்கள் கதவில் மாட்டியிருக்கிறேன்.

பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கழற்றின ஸ்பீக்கர் கம்பியில் தொங்கியபடி பாடிக்கொண்டிருந்தது.

அடுத்து வந்தது சந்தோஷம். என் அண்ணன் தப்பினார்! இதோ கள்ளத் தேயிலை, இதோ கள்ளனுடைய வண்டி. ரோட்டில் நின்று கத்தினேன். எதிரே தேத்தண்ணிக் கடையில் இருந்த எங்கள் தோட்டத் தலைவர், யூனியன்காரர், கிளாஸை வைத்துவிட்டு ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்ற ஆட்கள் வந்தார்கள். வலப்பக்கக் கதவையும் கழற்றினேன். அதற்குள்ளும் பைகள். எல்லாவற்றையும் வண்டியின் முன்னால் ரோட்டில் அடுக்கினேன்.

நீங்கள் ஒரு பக்கம் வெட்டி ஒரு பக்கம் வெட்டாத தலையோடு வந்தீர்கள். கழுத்தில் சலூன்காரனின் துண்டு. பார்த்தீர்கள். பயப்படுவீர்கள் என்று நினைத்தேன். ஓடுவீர்கள் என்று கூட நினைத்தேன். நீங்கள் துண்டை எடுத்து மடித்தீர்கள்.

"தம்பி, இந்தப் பெட்டி யாரு செஞ்சது?"

"நான்தான். அதுக்கென்ன?"

"எப்படிக் கழட்டணும்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் ஒங்களுக்கும்."

"எனக்குப் பாட்டுப் போடத் தெரியும்டா. கழட்ட எனக்கென்ன தெரியும்? சரி, ஸ்டோர் கேட்டுல நின்னது யாரு?"

கூட்டத்தில் யாரோ சொன்னான்: "இவரு அண்ணன்."

"கேட்டுல அண்ணன். டவுன்ல தம்பி. நடுவுல என் வண்டி." நீங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தீர்கள். "நான் பாட்டுக் கேட்டுக்கிட்டு இவனுங்களுக்குச் சும்மா லொறி ஓட்டியிருக்கேன்."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. உண்மை கையில் இருக்கும்போது நாக்கு இப்படிச் செத்துப்போகும் என்று எனக்குத் தெரியாது. தோட்டத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் "என்னடா இது?" என்றார். என்னைத்தான் கேட்டார். உங்களை இல்லை.

நட்டுப் போடச் சொன்னது நீங்கள், பஞ்சு வேண்டாமென்றது நீங்கள், பலகை கொண்டுவந்தது நீங்கள். எல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது, ஆனால் தொரையின் ஆபீசில் நின்ற பிறகுதான் வந்தது. சொன்னேன். அதற்கு நீங்கள் பெட்டியின் முன்பலகையை மேசையில் வைத்து, ஓரத்தில் ரெக்சினைக் கொஞ்சம் உரித்துக் காட்டினீர்கள். அடியில் தோட்டத்து முத்திரை.

"பலகையும் ஸ்டோர்ப் பலகைதான் சேர்" என்றீர்கள்.

நீங்கள் கொண்டுவந்த பலகை. தொரை தலையை ஆட்டினார்.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எல்லாவற்றையும்விட என்னை உறைய வைத்தது. தொரை பொலிசைக் கூப்பிட டெலிபோனை எடுத்தார். நீங்கள் தடுத்தீர்கள். பாவப்பட்ட குடும்பம், பொம்பளைப் பிள்ளைகள் இருக்கின்றன, பேரை வெட்டினால் போதும், பொலிஸ் வேண்டாம் என்று கெஞ்சினீர்கள். பொலிஸ் வந்தால் தேயிலை டவுனில் எந்தக் கடைக்குப் போகிறது என்று கேட்பான் அல்லவா? அந்தக் கடைக்காரன் யார் பேரைச் சொல்வான்? என் அண்ணனுக்கு அது விளங்கவில்லை. அவர் குனிந்து உங்கள் காலைத் தொட்டார். தன்னைக் கள்ளன் ஆக்கியவன் காலைத் தொட்டு, "ஐயா, கடவுளா இருக்கீங்க" என்றார். நீங்கள் அவரைத் தூக்கிவிட்டீர்கள். உங்கள் கண்ணில் தண்ணீர் கூட இருந்தது.

ஆபீசிலிருந்து இறங்கும் கல்படியில் அண்ணன் நின்றார். என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்குறேன், உண்மையச் சொல்லு. ஒனக்குத் தெரியுமா?"

"என்ன தெரியுமா?"

"பெட்டிக்குள்ள என்ன போகுதுன்னு."

"அண்ணே!"

"செஞ்சது நீ. கழட்டத் தெரிஞ்சது ஒனக்கு. எல்லாரும் பாக்குற எடத்துல எடுத்து வச்சதும் நீ. எனக்கு ஒண்ணுமே வெளங்கல. ஐயா அப்படிச் செய்வாரா?"

அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அடித்திருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். என்னைத் தோளில் தூக்கி வளர்த்த மனிதன், என்னையும் உங்களையும் தராசில் வைத்துப் பார்த்தார். உங்கள் பக்கம் கீழே இறங்கியது. நான் சத்தியம் செய்தேன். அவர் தலையை ஆட்டினார். நம்பி ஆட்டின தலை இல்லை அது.

காம்பராவை விட்டார்கள். நுவரெலியாப் பக்கம் ஒரு மரக்கறித் தோட்டத்தில் தகரக் கொட்டகையில் போய் இருந்தார்கள். லீக்ஸ் கழுவுகிற வேலை. ஐஸ் தண்ணீரில் நின்று அண்ணியின் விரல்கள் வெடித்தன. நான் அரிசி மூட்டையோடு போனால் அண்ணி வாங்கிக்கொள்வார். அண்ணன் பின்பக்கமாக எழுந்து பாத்திக்குப் போய்விடுவார். மூத்தவள் பெரிய மனுசியானபோது தாய்மாமன் சீர் வந்தது, ஊரார் வந்தார்கள். சித்தப்பனான எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. நான் கேள்விப்பட்டதே பஸ்ஸில்தான்.

நான் கதவுப் பெட்டி செய்வதை விட்டுவிட்டேன். என் மேல் தப்பு என்று நினைத்து விடவில்லை, அப்படி நினைத்துக்கொள்ள வேண்டாம். யார் வந்து "பெட்டி பெருசா வேணும்" என்றாலும் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிக் கேட்டுக்கொண்டு தொழில் செய்ய முடியாது. இப்போது ரேடியோ மட்டும்தான்.

நீங்கள் ஓய்வு பெற்று டவுனில் மாடி வீடு கட்டிக்கொண்டீர்கள். கோயில் திருவிழாக் கமிட்டியில் முன்வரிசை. கோபுரத்தில் கட்டியிருக்கிற லௌட்ஸ்பீக்கர்களும் உங்கள் உபயம்தான், உங்கள் பேர் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் தேர் புறப்படுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து நேர்மை, ஒழுக்கம் என்று இளம் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிறீர்கள். அந்தச் சத்தம் மலை தாண்டிக் கேட்கிறது.

என் அண்ணனும் அந்தத் திருவிழாவுக்கு வருகிறார். பிறந்த மண்ணின் சாமியை அவரால் விட முடியவில்லை. கூட்டத்தின் கடைசியில், தண்ணீர்ப் பந்தலுக்கு அந்தப் பக்கம் உட்காருகிறார். நான் இந்தப் பக்கம் நிற்கிறேன். நடுவில் உங்கள் குரல் போய்க்கொண்டிருக்கிறது.

எனக்குக் காம்பரா திரும்பி வேண்டாம். அண்ணனுக்கு வேலை திரும்பி வேண்டாம், அவருக்கு வயதாகிவிட்டது. எனக்கு வேண்டியது அவர் என்னிடம் கேட்ட அந்த ஒரு கேள்விக்குப் பதில். நான் சொன்னால் அவர் நம்பவில்லை. இந்த உலகத்தில் அந்தப் பதிலைச் சொல்லி அவரை நம்பவைக்க முடிந்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

இந்த வருடம் தேர் புறப்படும் முன் மைக் உங்கள் கைக்கு வரும். வழக்கமான புத்திமதியை நிறுத்துங்கள். தண்ணீர்ப் பந்தல் பக்கம் முகத்தைத் திருப்புங்கள். அந்தப் பைகளை என் பெட்டிக்குள் வைத்த கை யாருடையது? என்ன போகிறது என்று எனக்குத் தெரியுமா, தெரியாதா? ஊர் கேட்க, என் அண்ணன் கேட்க, உங்கள் வாயால் சொல்லுங்கள்.